காரில்லாத சரளைப் பாதை, ஆறு, திராட்சைத் தோட்டம்: சென்ட்ரல் ஒடாகோவில் சைக்கிள் ஓட்டுவது எப்படி

சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், கவனத்தில் பாதி எப்போதும் முதுகுப் பக்கம்தான் இருக்கும். வருவது பஸ்ஸா டிப்பரா, எவ்வளவு தள்ளி வருகிறது, நமக்கு இடம் விடுமா விடாதா என்று காது கேட்டுக்கொண்டே இருக்கும், கண் மட்டும்தான் முன்னால் பார்க்கும். அந்தக் கவலையே இல்லாமல், கீழே ஆறு, மேலே பாறை, நடுவில் திராட்சைத் தோட்டம் என்று நாள் முழுக்க ஓட்ட வேண்டுமா, நான் முதலில் சொல்லும் இடம் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் இருக்கும் சென்ட்ரல் ஒடாகோ. வண்டி குறைவாக வரும் சாலைகளைப் பற்றிப் பேசவில்லை. சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் என்றே சரளை கொட்டி இறுக்கிய தனிப் பாதைகள் இங்கே ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகின்றன.

எந்தத் துண்டை எந்த வரிசையில் ஓட்டுவது, எங்கே வண்டியை விட்டு இறங்குவது, எதைக் கொண்டுபோவது என்று சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம். தூரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். தார் ரோட்டில் காலை டிபனுக்கு முன்பே 60 கி.மீ. முடிக்கிறவர்கள் கூட இங்கே ஒரு நாளைக்கு 25, அதிகம் போனால் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரளை வேகத்தைக் குறைக்கும், ஏற்றம் இன்னும் குறைக்கும், மீதியை நீங்கள் நின்று நின்று பார்ப்பதே எடுத்துக்கொள்ளும். அப்படி நிற்க முடிவதுதான் காரில்லாத பாதையின் பெரிய வசதி. அதை விட்டுவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் அத்தனை தூரம் போனதற்கு அர்த்தமே இல்லை.

இடம்

குவீன்ஸ்டவுனிலிருந்து கிழக்கே சுமார் 60 கி.மீ. தள்ளி க்ராம்வெல் என்ற சிற்றூர். இதுதான் உங்கள் தளம். கிளூதா ஆறு வடக்கிலிருந்தும் கவாராவ் ஆறு மேற்கிலிருந்தும் வந்து இங்கேதான் கூடுகின்றன. கிளூதாவை மாவோரி மொழியில் மாட்டா-ஆவ் என்பார்கள். நீளத்தில் நாட்டின் இரண்டாவது ஆறு, 338 கி.மீ., ஆனால் ஓடும் தண்ணீரின் அளவில் முதலாவது. கீழே கிளைடு என்ற ஊரில் அணை கட்டி, 1992-93-ல் தண்ணீரைத் தேக்கியபோது இந்தப் பள்ளத்தாக்கு டன்ஸ்டன் ஏரியாக மாறியது. பழைய க்ராம்வெல்லின் கடைத்தெரு தண்ணீருக்குள் போய்விட்டது. சில கட்டடங்களை மட்டும் பிரித்துக் கொண்டுவந்து கரையில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். ஹெரிடேஜ் பிரீசிங்ட் என்று பலகை இருக்கும், காபிக் கடைகளும் சின்னச் சின்ன கலைக்கூடங்களுமாக. நீங்கள் சைக்கிளில் ஏறப்போவது அந்த இடத்திலிருந்துதான்.

மேற்கே நிற்கும் மலைத்தொடர் மழையைத் தடுத்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் அலெக்சாண்ட்ராவில் ஆண்டு மழை 350 மி.மீ. அளவுக்குத்தான். கோடையில் பகலில் 30 டிகிரியைத் தாண்டும், ராத்திரி ஸ்வெட்டர் தேடுவீர்கள். இந்தப் பகல்-இரவு வித்தியாசமும், வேரடியில் இருக்கும் அடுக்கடுக்கான சிஸ்ட் பாறை மண்ணும் பினோ நுவார் திராட்சைக்கு அப்படி ஒத்துப்போகின்றன. பயிரிடும் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அந்த ஒரே ரகம்தான். தெற்கு 45-வது அட்சரேகையை ஒட்டி, உலகிலேயே தென்கோடியில் ஒயின் எடுக்கும் வட்டாரங்களில் இது ஒன்று. ஆனால் ஊரை உண்டாக்கியது திராட்சை இல்லை, தங்கம். 1862-ல் ஹார்ட்லி, ரைலி என்ற இரண்டு பேர் க்ராம்வெல்லுக்கும் கிளைடுக்கும் நடுவிலுள்ள மலையிடுக்கில் எடுத்த 87 பவுண்டு தங்கத்தை டனீடின் நகரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியதும் கூட்டம் குவிந்தது. அந்தக் கூட்டத்தோடு வந்த ஃபெரோ என்ற பிரெஞ்சுக்காரர் 1864-லேயே கிளைடு பக்கம் திராட்சைக்கொடி நட்டிருக்கிறார். அப்புறம் நூறு ஆண்டுக்கு மேல் அதைப் பெரிதாக யாரும் தொடரவில்லை. இப்போது நீங்கள் பார்க்கும் தோட்டங்கள் 1980-களுக்குப் பின் வளர்ந்தவை.

எப்போது போவது

தென் அரைக்கோளம் என்பதால் மாதங்கள் தலைகீழ். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஓட்டலாம். என்னைக் கேட்டால் மார்ச் கடைசி, ஏப்ரல். வெயில் தணிந்திருக்கும், கொடிகள் மஞ்சளும் செம்பழுப்புமாக மாறும், பாப்லர் மரங்கள் பொன்னிறத்தில் நிற்கும், தோட்டங்களில் அறுவடை நடக்கும். அந்த நேரத்தில் கொடி வரிசைகள் மேல் வெள்ளை வலை போர்த்தியிருப்பார்கள், பறவைகளிடமிருந்து பழத்தைக் காப்பாற்ற. டிசம்பர், ஜனவரியில் போனால் செர்ரி கிடைக்கும், கொஞ்சம் தள்ளி ஆப்ரிகாட்டும் வரும், க்ராம்வெல்லைச் சுற்றி சாலையோரப் பழக்கடைகள் நிறைய. அந்த மாதங்களில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனால் மதிய வெயில் மலையிடுக்குக்குள் பாறையில் பட்டு இரண்டு பக்கமும் அடிக்கும். அக்டோபர், நவம்பரில் இன்னொரு அழகு. தங்கவேட்டைக் காலத்தில் யாரோ கொண்டுவந்த தைம் செடி காடாகப் பரவி, வறண்ட குன்றுகள் எல்லாம் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். அதன் மேல் சக்கரம் ஏறினால் நம் வீட்டு ஓமத்தைக் கசக்கிய வாசனை வரும். இரண்டிலும் இருப்பது தைமால் என்ற அதே பொருள்தான். அந்த மாதங்களில் விடியற்காலை ஹெலிகாப்டர் சத்தமோ பெரிய காற்றாடிச் சத்தமோ கேட்டால் பயப்பட வேண்டாம். இளந்தளிர் மேல் உறைபனி இறங்காமலிருக்க, மேலே நிற்கும் சூடான காற்றைக் கீழே கலக்கிவிடுகிறார்கள்.

ஜூன், ஜூலை வேண்டாம். தோட்டங்கள் மொட்டையாக இருக்கும், நிழல் விழும் வளைவுகளில் காலைப் பனி உறைந்து வழுக்கும்.

எந்த சைக்கிள்

கிராவல் பைக், அதாவது சரளைப் பாதைக்கென்றே தடித்த டயரோடு வரும் சைக்கிள் போதும், அதுதான் பொருத்தமும். டயர் 40 மி.மீ.-க்குக் குறையாமல் இருக்கட்டும், 45 என்றால் இன்னும் நிம்மதி. ரோடு பைக்கில் 28 மி.மீ. டயரோடு வராதீர்கள். பாதை இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் சரளை உதிரியாகக் கிடக்கும், மெல்லிய டயர் அங்கே பிடிக்காது. காற்றழுத்தத்தைத் தார் ரோட்டுக் கணக்கில் வைத்தால் ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டில் தெரியும். 70 கிலோ எடை உள்ளவர் 40 மி.மீ. ட்யூப்லெஸ் டயரில் 30-லிருந்து 35 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். ட்யூப் போட்டிருந்தால் நாலைந்து கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கல்லில் இடித்து ட்யூப் கடித்துவிடும். ட்யூப்லெஸ்ஸும், ஓட்டை விழுந்தால் உள்ளிருந்தே அடைக்கும் சீலண்ட் திரவமும்தான் என் சிபாரிசு. காரணம், காட்டு ரோஜாப் புதர்கள் எங்கும் மண்டிக்கிடக்கின்றன, முள் பாதையில் விழுந்துகொண்டே இருக்கும். இருந்தாலும் ஒரு ஸ்பேர் ட்யூப், லீவர், பம்ப், செயின் இணைப்பு இவை இல்லாமல் மலையிடுக்குக்குள் நுழைய வேண்டாம்.

கியரில் கஞ்சத்தனம் கூடாது. ஏற்றங்கள் நீளமில்லை, ஆனால் செங்குத்து. முன் பல்சக்கரத்தைவிடப் பின்னால் பெரிய பல்சக்கரம் ஒன்றாவது இருந்தால் முழங்கால் தப்பிக்கும். டிஸ்க் பிரேக் அவசியம் என்றே சொல்வேன்.

சொந்த சைக்கிளைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? ஒரு வாரத்துக்குக் குறைவான பயணம் என்றால் வாடகைதான். க்ராம்வெல், கிளைடு இரண்டிலும் கடைகள் உண்டு, பெரும்பாலும் முன்பக்கம் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிளும் இ-பைக்கும் தருவார்கள். கொஞ்சம் கனம், ஆனால் இந்தப் பாதைக்குச் சரியாக இருக்கும். அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள், பழக்கம் விட்டுப்போனவர்கள் தயங்காமல் இ-பைக் எடுங்கள். நியூசிலாந்தில் 300 வாட் மோட்டார் வரை சைக்கிளாகவே எடுத்துக்கொள்வார்கள். எடுப்பதற்கு முன் கடை வாசலிலேயே நாலு சுற்று சுற்றி, பிரேக் இரண்டையும் பிடித்துப் பார்த்து, சீட் உயரத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். ஹெல்மெட் அங்கே சட்டம், ஆளில்லாத பாதையிலும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சொந்த சைக்கிள்தான் என்று முடிவெடுத்தால், பெட்டியில் கட்டுவதற்கு முன் டயர் இடுக்கு, பெடல் அடி, ஷூ அடி எல்லாவற்றையும் மண் துளி இல்லாமல் கழுவிக் காயவையுங்கள். விமான நிலையத்தில் உயிரியல் பாதுகாப்புச் சோதனை கண்டிப்பானது. வெளியில் பயன்படுத்திய சைக்கிள், ஷூ, சாப்பாட்டுப் பொருள் எல்லாவற்றையும் படிவத்தில் எழுத வேண்டும். ஊறுகாய் பாட்டில், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எது பையில் இருந்தாலும் எழுதிவிடுங்கள். எழுதினால் பார்த்துவிட்டு ஒன்று விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், எழுதாமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன் கொண்டுபோகவே வேண்டாம்.

போவதற்கு முன் பழக வேண்டியவை

சரளையில் ஓட்டுவது தனிப் பழக்கம். அதை ஊரிலேயே பழகிவிட்டுப் போகலாம், ஏரிக்கரை, வாய்க்கால் கரை மண்பாதை எதுவானாலும் சரி. முக்கியமானது, முன்சக்கரத்துக்கு நேர் கீழே பார்க்கக் கூடாது, பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் பார்க்க வேண்டும். கண் எங்கே போகிறதோ சைக்கிள் அங்கே போகும். ஏரிப் பக்க ஓரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினால் அந்த ஓரத்துக்குத்தான் போவீர்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். உதிரிக் கல்லில் முன்சக்கரம் கொஞ்சம் அலையத்தான் செய்யும், கையைத் தளர்த்தி விட்டால் தானாகவே நேராகிவிடும். இறுக்கிப் பிடித்து அதோடு மல்லுக்கட்டினால்தான் விழுவீர்கள். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிடிக்காதீர்கள், குறிப்பாக முன் பிரேக்கை. இறக்கத்தில் இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், பின்பாகம் சீட்டிலிருந்து கொஞ்சம் மேலே, எடை கொஞ்சம் பின்னால். ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து மிதித்தால் பின்சக்கரம் சுழன்றுவிடும், உட்கார்ந்தபடியே சின்ன கியரில் உருட்டுங்கள்.

அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான். நடப்பவரை நெருங்கும்போது தூரத்திலேயே ஒரு தடவை பெல் அடித்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, ஒரு ஹலோ சொல்லிவிட்டுப் போவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம்.

முதல் நாள்: தோட்டங்கள் மட்டும்

லேக் டன்ஸ்டன் டிரெயில் 2021 மே மாதம் திறந்தது. வடக்கே ஸ்மித்ஸ் வே என்ற இடத்தில் தொடங்கி, க்ராம்வெல் வழியாக, பேனக்பர்ன் தோட்டங்களைத் தொட்டு, மலையிடுக்குக்குள் நுழைந்து கிளைடில் முடியும், மொத்தம் 50 கி.மீ.-க்குச் சற்று மேல். நிறைய பேர் க்ராம்வெல்லிலிருந்து கிளைடு வரை, சுமார் 40 கி.மீ., ஒரே மூச்சில் ஓட்டுகிறார்கள். நான் அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். ஏனென்றால் அந்த வரிசையில் ஒயின் முதலில் வருகிறது, செங்குத்துப் பாறை ஓரம் பிறகு வருகிறது. ஒன்று, பின்னால் வரும் பாறையை நினைத்துத் தோட்டத்தில் நிற்காமல் ஓடுவீர்கள், அல்லது தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டு தலை கனத்துப் பாறை ஓரத்துக்குப் போவீர்கள். இரண்டும் நல்லதில்லை. இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

முதல் நாள் காலை ஹெரிடேஜ் பிரீசிங்டிலிருந்து கவாராவ் கையை, அதாவது கவாராவ் ஆற்றுப் பக்கம் நீளும் ஏரியின் கிளையை ஒட்டி மேற்கே கிளம்புங்கள். சமதளம், அகலமான பாதை, குழந்தைகளும் ஓட்டலாம். பேனக்பர்ன் பாலம் தாண்டியதும் பாதை ஏரியின் ஒரு சின்னக் கைவாயை ஒட்டி வளையும், இரண்டு பக்கமும் கொடி வரிசைகள் தொடங்கும். கேரிக் தோட்டத்தின் ருசிபார்க்கும் அறை இங்கே பாதைக்கு மேலேயே இருக்கிறது, சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து ஏறினால் போதும். ஃபெல்டன் ரோடு பக்கம் போக வேண்டுமானால் மட்டும் பாதையை விட்டுத் தார்ச் சாலைக்கு வர வேண்டும், அங்கே கார் வரும், ஏற்றமும் உண்டு. அந்தச் சாலையில் ஒயினைவிட நான் பார்க்கச் சொல்வது பேனக்பர்ன் ஸ்லூசிங்ஸ். தங்கத்துக்காகத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து ஒரு குன்றையே கரைத்த இடம். கரையாமல் நின்ற மண்தூண்களும் குகைகளும் சுற்றிலும் இருக்கும் பசுமையான தோட்டங்களுக்கு நடுவில் வேறொரு உலகமாக நிற்கின்றன. சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து பாருங்கள், ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ருசிபார்ப்பது பற்றி. நாலைந்து ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தருவார்கள், பல இடங்களில் அதற்குக் கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் சில இடங்களில் கழித்துக்கொள்வார்கள். மேசையில் ஒரு ஜாடி இருக்கும், வாயில் வைத்துச் சுவைத்துவிட்டு அதில் துப்பலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், அங்கே வேலை செய்பவர்களே அப்படித்தான் செய்வார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம் போதும், மூன்றாவதில் நாக்குக்கு எதுவும் தெரியாது, சைக்கிளும் நேராகப் போகாது. பாட்டிலை முதுகுப்பையில் வைத்து சரளையில் ஓட்டாதீர்கள், தங்கும் இடத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். குடிக்காதவர்களும் தயங்க வேண்டியதில்லை. சாப்பாடு நன்றாக இருக்கும், சைவம் என்று முன்பே சொன்னால் ஏற்பாடு செய்வார்கள். மதியம் பன்னிரண்டரைக்கு மேல் இடம் கிடைப்பது கஷ்டம், முன்பதிவு செய்துவிடுங்கள். கொடி வரிசைகளுக்குள் கேட்காமல் இறங்காதீர்கள். ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஷூ மண்ணில் ஒட்டி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும், வந்துவிட்டால் கொடியோடு பிடுங்க வேண்டியதுதான்.

தெம்பு இருந்தால் கார்னிஷ் பாயின்ட் வரை போய்த் திரும்புங்கள். இரண்டு ஆறுகளின் கைகளும் சேரும் முனை அது. எதிரே தண்ணீருக்கு அப்பால் நீங்கள் காலையில் கிளம்பிய பழைய கட்டடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் அங்கே வந்து சேர நீங்கள் ஓட்டியது சுமார் 15 கி.மீ. கீழே தண்ணீருக்குள் இருக்கிறது பழைய சங்கமம். இரண்டு ஆறும் இரண்டு நிறத்தில் வந்து கலப்பதைப் பார்க்க முன்பெல்லாம் பாலத்தில் கூட்டம் நிற்குமாம்.

இரண்டாம் நாள்: மலையிடுக்கு

இதுதான் இந்தப் பயணத்தின் உயிர். காலை எட்டு மணிக்கே கிளம்புங்கள், கார்னிஷ் பாயின்ட் வரை நேற்று பார்த்த பாதை என்பதால் வேகமாகப் போய்விடலாம். அல்லது வேன் வைத்து அங்கேயே இறங்கிக்கொள்ளலாம், அங்கிருந்து கிளைடு 25 கி.மீ. அளவுக்கு வரும். பாதையின் தரம் இங்கே 3, அதாவது நடுத்தரம். குறுகலும் ஓரங்களும்தான் அதற்குக் காரணம்.

முனை தாண்டியதும் பாறைச்சுவர் நேராக ஏரியில் இறங்கும் இடங்கள் வரும். பாதை போட நிலமே இல்லாத அந்த இடங்களில், பாறையில் இரும்பை அடித்து, தண்ணீருக்கு மேல் தொங்குகிற மாதிரி பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். கைப்பிடி இருக்கிறது, தரை உறுதியாக இருக்கிறது, ஆனால் குறுகல். எதிரே ஆள் வந்தால் ஏறும் முன்பே நின்று வழிவிடுங்கள், நடுப்பாலத்தில் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பலகை இறங்கச் சொன்னால் எல்லோருமே இறங்கிவிடுங்கள். எதிர்க்கரையில் நெடுஞ்சாலை போவது தெரியும், லாரிகள் தீப்பெட்டி அளவில் நகரும், நடுவில் முழு ஏரி இருப்பதால் சத்தம் அவ்வளவாக வராது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் இந்த மலையிடுக்கைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கும்.

அப்புறம் கெய்ர்ன்முயர் ஏணி. பெயருக்கு ஏற்ற ஏற்றம், கொண்டை ஊசி மேல் கொண்டை ஊசியாக மேலே போகும். ஓட்ட முடியாவிட்டால் தள்ளுங்கள். வளைவுகளில் ஓய்வெடுக்கும்போது பின்னால் வருகிறவர்களுக்கு மலைப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். உச்சியில் தண்ணீர் குடித்து, மூச்சிரைப்பு அடங்கி, இறக்கத்துக்கு முன் பிரேக்கை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு இறங்குங்கள். இறங்கினால் ஹியூகோ தொங்குபாலம், சுமார் 85 மீட்டர் நீளம். நடுவில் போகும்போது அசையும், அது அப்படித்தான். காற்று பலமாக இருந்தால் ஓட்டாமல் நடந்து கடப்பது நல்லது.

குடிநீருக்கு மலையிடுக்கில் எதையும் நம்பாதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர், கோடையென்றால் மூன்று. கழிப்பறைகள் வழியில் உண்டு. ஏரியில் மிதக்கும் படகிலேயே காபி, சாப்பாடு விற்கும் கடை சீசனில் நிற்கும், இருந்தால் கண்டிப்பாக நில்லுங்கள், ஆனால் அதை நம்பி வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மோட்டல் அறைகளில் பெரும்பாலும் சின்ன சமையலறை இருக்கும் என்பதால் காலையிலேயே எலுமிச்சை சாதம் கிளறி டப்பாவில் எடுத்துப்போவது என் வழக்கம், வெயிலில் கெடாது, வயிற்றுக்கும் சுகம். போன் சிக்னல் இடையிடையே போய்விடும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். அவசரத்துக்கு எண் 111. வெயில் உறைக்காத நாளிலும் அங்கே புற ஊதாக்கதிர் கடுமை, சன்ஸ்கிரீன் பூசாமல் போனால் நம் தோலும் சாயங்காலம் எரியும்.

காற்றைப் பார்த்துத் திசையை முடிவுசெய்யலாம். வடமேற்குக் காற்று அடித்தால் க்ராம்வெல்லிலிருந்து கிளைடு நோக்கிப் போவது முதுகில் கை வைத்துத் தள்ளுகிற சுகம், தெற்கத்திக் காற்று என்றால் கிளைடிலிருந்து கிளம்பலாம். வேன்காரர்கள் இரண்டு பக்கமும் கொண்டுபோய் விடுவார்கள், முதல் நாளே சொல்லிவைத்தால் போதும். நான் சொல்வது, க்ராம்வெல்லுக்குத் திரும்பாமல் பெட்டியை மட்டும் வேனில் அனுப்பிவிட்டு இரண்டாம் இரவைக் கிளைடிலேயே கழியுங்கள். பழைய கல் கட்டடங்களோடு அமைதியான ஊர். இன்றைக்குப் பாறையெல்லாம் முடிந்துவிட்டது, சாயங்காலம் நிதானமாக ஒரு கோப்பை பினோ நுவாரோடு உட்காரலாம்.

மூன்றாம் நாள்: ஆற்றோடு கீழே

கிளைடிலிருந்து அலெக்சாண்ட்ராவுக்கு இரண்டு வழி. ஒன்று பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட சைக்கிள் பாதை, எட்டு கி.மீ., நேர்க்கோடு. இன்னொன்று ஆற்றோரப் பாதை, பன்னிரண்டு கி.மீ. அளவில், வில்லோ மர நிழலில் வளைந்து வளைந்து போகும். ஆற்றோரத்தையே எடுங்கள். அணைக்குக் கீழே கிளூதா மறுபடி ஆறாக ஓடுவதை, அந்தப் பச்சை நிறத்தை, அதன் வேகத்தை இங்கேதான் பக்கத்தில் பார்க்கலாம். இறங்கிக் குளிக்க ஆசை வரும், வேண்டாம். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் இழுப்பு பலமானது, தண்ணீர் ஐஸ்.

அலெக்சாண்ட்ராவிலிருந்து ராக்ஸ்பர்க் மலையிடுக்குப் பாதை, மொத்தம் 34 கி.மீ. இதில் ஒரு விசேஷம், நடுவில் பன்னிரண்டு பதின்மூன்று கி.மீ. தூரத்துக்குப் பாதையே கிடையாது. டாக்டர்ஸ் பாயின்ட் வரை ஓட்டிப்போய், அங்கே சைக்கிளோடு ஜெட் படகில் ஏறி, ஷிங்கிள் கிரீக்கில் இறங்கி மறுபடி ஓட்ட வேண்டும். படகை முன்பதிவு செய்யாமல் போனால் பத்து கி.மீ. போய்விட்டு அதே ஏற்றங்களில் திரும்ப வேண்டும். நேரத்தைச் சரியாகச் சொல்லி, இரண்டு மணி நேரம் முன்கூட்டியே கிளம்புங்கள், இந்தப் பத்து கி.மீ.-இல் ஏற்றங்கள் உண்டு. போகும் வழியில் பாறைக்கு அடியில் கல் அடுக்கிய சின்னச் சுவர்களைப் பார்ப்பீர்கள். தங்கம் தேடி வந்த சீனத் தொழிலாளர்கள் குளிருக்கு ஒதுங்கிய இடங்கள் அவை. ஒரு ஆள் படுக்கும் அளவுதான். கல்லைத் தொடாமல் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

முடிவில் ராக்ஸ்பர்க் அணை, 1956-ல் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. அங்கிருந்து கிளூதா கோல்டு டிரெயில் என்று ஆற்றோடு தொடர்ந்து போகும் இன்னொரு பாதை இருக்கிறது, பழத்தோட்டங்கள் வழியாக லாரன்ஸ் என்ற ஊர் வரை 73 கி.மீ., சுலபமான தரம். நேரம் இருக்கிறவர்கள் இரண்டு நாள் சேர்த்து அதையும் எடுக்கலாம். திராட்சை இங்கே குறைந்துவிடும், ஆப்பிளும் ஆப்ரிகாட்டும்தான்.

ஒடாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில் பற்றியும் கேட்பீர்கள். கிளைடிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கி.மீ., 1990-ல் மூடிய ரயில் தடத்தின் மேல் 2000-ல் திறந்தது. தடம் முன்பு க்ராம்வெல் வரை போனது, அணைக்காக அந்தத் துண்டை மூடினார்கள், மீதித் தடம் அணை வேலைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு இன்னும் பத்து ஆண்டு ஓடியது. ஏற்றம் மிகக் குறைவு, குகைப் பாதைகளும் உயரப் பாலங்களும் அருமை. ஆனால் அது மேய்ச்சல் நிலமும் திறந்த வானமுமான வேறு வகைப் பயணம், நாலைந்து நாள் தனியாக ஒதுக்க வேண்டியது.

விமானம் ஏறும் நாள்

குவீன்ஸ்டவுனிலிருந்து சாயங்கால விமானம் என்றால் காலையில் அரை நாள் கிடைக்கும், அதை கிப்ஸ்டன் என்ற ஒயின் பள்ளத்தாக்குக்குக் கொடுங்கள். குவீன்ஸ்டவுன் பக்கத்திலுள்ள ஆரோடவுனில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, ஆரோ ஆற்றோரமாகத் தொங்குபாலங்கள் வழியே இறங்கினால் 1880-ல் கட்டிய கவாராவ் பாலம் வரும். காலில் ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு குதிக்கும் பங்கி ஜம்ப்பை 1988-ல் வியாபாரமாகத் தொடங்கிய இடம், ஆட்கள் குதிப்பதைச் சும்மா நின்று பார்க்கலாம். அதைத் தாண்டினால் கிப்ஸ்டன் ஆற்றுப் பாதை, கவாராவின் பள்ளத்துக்கு விளிம்பிலேயே போய் ஒயின் தோட்டங்களுக்கு நடுவில் கொண்டுபோய் விடும். திரும்பி மிதிப்பது ஏற்றம் என்பதால் பெரும்பாலோர் அங்கேயே சைக்கிளை ஒப்படைத்துவிட்டு வேனில் திரும்புகிறார்கள். வாடகைக்கு எடுக்கும்போதே அதைக் கேட்டு, வேன் நேரத்தை விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாக இருக்கும்படி குறித்துக்கொள்ளுங்கள். சொந்த சைக்கிள் கொண்டுவந்தவர்கள் முந்தின நாளே கழற்றிப் பெட்டியில் கட்டிவிட்டு, இந்த அரை நாளுக்கு மட்டும் வாடகை சைக்கிள் எடுப்பது சௌகரியம்.